கணையத்தோடு முடிகிற நோய் அல்ல

கணையம் வீங்கினால் குடல் மருத்துவர், கண் இமை தடித்தால் கண் மருத்துவர், சிறுநீரகம் தளர்ந்தால் அதற்கென்று ஒருவர். நம் மருத்துவமனைகள் தளம் தளமாக இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. நோயாளிகளும் இதற்குப் பழகிவிட்டார்கள். பெரும்பாலான நோய்களுக்கு இந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடக்கிறது. ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி என்ற நோய்க்கு அது உதவாது. 'அரிதான ஒரு கணைய நோய். ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடும்' என்று மூன்றே வாக்கியங்களில் அதை முடித்துவிடும் பழக்கம் மருத்துவர்களில் பலரிடம் இருக்கிறது. அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறவர்களிடமும் இருக்கிறது. மூன்று வாக்கியங்களிலும் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையை நம்பியதால் தேவையில்லாமல் வயிறு திறக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், சிறுநீரகம் பழுதானவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மறுப்பு.

நோய் எப்படி வந்து நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய, அல்லது தாண்டிய ஆண். சில வாரங்களாகப் பசி இல்லை, எடை இறங்குகிறது. வலி இல்லை, இருந்தாலும் லேசாக. பிறகு கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிப்பு. அதுவரை இல்லாத சர்க்கரை புதிதாகத் தலைகாட்டுகிறது. சிடி ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதி பருத்து, பித்தநாளத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது. கணையப் புற்றுநோயும் அச்சு அசலாக இப்படித்தான் வரும். வீட்டார் முகத்தில் ரத்தமில்லை. டாக்டர் 'கட்டி' என்ற சொல்லைச் சொன்ன பிறகு வேறு எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை.

அதே மனிதருக்கு இரண்டு வருடமாகத் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வலியில்லாத வீக்கம் இருந்திருக்கலாம். காலையில் இமை தடித்திருப்பதைத் தூக்கமின்மை என்று விட்டிருக்கலாம். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சற்றே ஏறியிருந்து, வயது என்று அதைத் தள்ளி வைத்திருக்கலாம். இடுப்புப் பக்கம் மந்தமாக ஒரு வலி, மூக்கடைப்பு, ஒவ்வாமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு சீட்டு, ஒரு கோப்பு. கணையத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கும்போது இவற்றை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை, சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை.

சம்பந்தம் உண்டு என்பதை மருத்துவ உலகம் கண்டுகொள்ளவே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1888இல் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் யான் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் 42 வயது விவசாயி ஒருவரைப் பற்றிச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தன. அதற்கு மிக்குலிச் நோய் என்று பெயர் வந்தது. 1896இல் தாடையடிச் சுரப்பி கல்லாக இறுகுவதை க்யூட்னர் விவரித்தார். அது க்யூட்னர் கட்டி. அதே ஆண்டு தைராய்டு இரும்பாக இறுகிப்போவதை ரீடல் விவரித்தார். அது ரீடல் தைராய்டு. 1948இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜான் ஆர்மண்ட், வயிற்றின் பின்சுவரில் நார்த்திசு படர்ந்து சிறுநீர்க்குழாய்களைச் சுற்றி இறுக்குவதைப் பதிவு செய்தார். அது ஆர்மண்ட் நோய். ஒவ்வொரு துறையும் தனக்கு எட்டிய உறுப்பில் தெரிந்ததற்குத் தன் ஆளின் பெயரைச் சூட்டி, தன் பாடநூலில் வைத்துக்கொண்டது. இந்தப் பெயர்களுக்குக் கீழே வந்த எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களில் பலருக்கு இருந்தது ஒரே நோய்தான் என்பது இன்று தெளிவாகிவிட்டது.

சாட்சி இல்லாமலும் போகவில்லை. 1967இல் இரண்டு சகோதரர்களைப் பற்றிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. வயிற்றுப் பின்சுவர் நார்ப்படலம், நெஞ்சறை நார்ப்படலம், பித்தநாள இறுக்கம், ரீடல் தைராய்டு, கண்குழியில் கட்டிபோன்ற வீக்கம் எல்லாம் அந்த ஒரே குடும்பத்தில் இருந்தன. அந்த ஆசிரியர்கள் இவை ஒரே நோயின் பல முகங்கள் என்றே எழுதினார்கள். படித்தவர்கள் ஆச்சரியப்பட்டுவிட்டுத் தத்தம் தளத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

கணையத்தின் கதை தனி ஓடையாக ஓடியது. 1961இல் பிரான்சின் மார்செய் நகரில் ஆன்ரி சார்ல் குழுவினர், ரத்தத்தில் காமா குளோபுலின் எகிறியிருந்த ஒரு கணைய அழற்சியை விவரித்து, இது தானே தோன்றும் தனி நோயோ என்று கேட்டார்கள். 1995இல் ஜப்பானின் யோஷிதா குழுவினர், ஸ்டீராய்டுக்கு அது அடங்குவதைக் கண்டு, ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி என்ற பெயரை முன்வைத்தார்கள். 2001இல் மத்சுமோதோ நகரின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹமானோ, கவா ஆகியோர் இந்நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதம் மட்டும் தனித்து உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டே அவர்கள், சிறுநீர்க்குழாயை இறுக்கும் நார்ப்படலத்திலும் இதே ஐஜிஜி4ஐச் சுரக்கும் செல்கள் இருப்பதை வெளியிட்டார்கள். ஆர்மண்டின் நோயும் கணையத்தின் நோயும் முதன்முறையாக ஒரே தட்டில் வந்தன.

திருப்பம் 2003இல் வந்தது. டோக்கியோவின் கொமகோமே மருத்துவமனையில் தெருமி கமிசாவா, இந்நோயாளிகளின் கணையத்தோடு நிற்காமல் பித்தநாளம், பித்தப்பை, கல்லீரல், இரைப்பைச் சவ்வு, பெருங்குடல் சவ்வு, உமிழ்நீர்ச் சுரப்பி, நிணநீர் முடிச்சு, எலும்பு மஜ்ஜை என்று கிடைத்த திசுக்களை எல்லாம் சாயமேற்றிப் பார்த்தார். பார்த்த இடங்களில் எல்லாம் அதே செல்கள். இது உடம்பெங்கும் பரவிய ஒரு நோய், கணைய அழற்சி அதன் ஒரு வெளிப்பாடு என்று அவர் எழுதினார். இன்று அதற்கு ஐஜிஜி4 சார்ந்த நோய் என்று பெயர். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய மரியாதை அவர் மீதுதான். அவர் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. தன் துறைக்குச் சொந்தமில்லாத உறுப்புகளை எடுத்து அதே கண்ணாடியின் கீழ் வைத்தார். மற்றவர்கள் நூறாண்டாகச் செய்யாத வேலை அது.

அந்தக் கண்ணாடியின் கீழ் தெரிவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நார்த்திசு இஷ்டத்துக்குப் படர்வதில்லை. ஒரு மையத்திலிருந்து இழைகள் சுழன்று விரிந்து, அடுத்த மையத்து இழைகளோடு பின்னி, முடைந்த கோரைப்பாய் போலக் கிடக்கிறது. அந்த இழைகளுக்கு நடுவே நிணநீர் செல்களும் பிளாஸ்மா செல்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. சிறு சிரைகளைத் தேடினால் கண்ணில் படாது. அவற்றின் உள்வழி அழற்சி செல்களால் அடைபட்டிருக்கும். பக்கத்துத் தமனி திறந்திருக்க, சிரை இருந்த இடம் வட்டமான தழும்பாகத் தெரியும். ஐஜிஜி4 சாயம் ஏற்றினால் பிளாஸ்மா செல்களில் பத்துக்கு நான்குக்கு மேல் பழுப்பாக ஒளிரும். கணையத்தில் இப்படி. தாடையடிச் சுரப்பியில் இப்படி. சிறுநீரகத்தில் இப்படி. உறுப்பின் பெயரை மறைத்துவிட்டு ஸ்லைடை நீட்டினால், சுற்றியிருக்கும் திசுவை வைத்துத்தான் எந்த உறுப்பு என்று சொல்ல முடியும்; நோயை வைத்துச் சொல்ல முடியாது. இதற்குப் பிறகும் இதைக் கணைய நோய் என்று அழைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

எதிர்த்தரப்பின் முதல் வாதம்: 'ரத்தப் பரிசோதனைதான் இருக்கிறதே, மற்ற உறுப்புகளைத் துருவுவது எதற்கு?' அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி உள்ளவர்களில் 76 சதவீதம் பேருக்குத்தான் ஐஜிஜி4 கூடியிருந்தது. நாலில் ஒருவருக்கு அளவு சரியாகவே இருந்தது. மறுபுறம் கணையப் புற்றுநோயாளிகளிலும் 10 சதவீதம் பேருக்கு அது கூடியிருந்தது. கணையப் புற்றுநோய் இந்த அழற்சியைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சற்றே உயர்ந்த ஐஜிஜி4ஐ வைத்து 'புற்று இல்லை' என்று நிம்மதியடைவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். வரம்பைப்போல் இரு மடங்கு தாண்டினால் புற்றுநோயாளிகள் ஏறக்குறைய விலகிவிடுகிறார்கள், உண்மை. ஆனால் நோயாளிகள் எல்லோரும் இரு மடங்கு தாண்டி வந்து நிற்பதில்லை.

ஐஜிஜி4தான் குற்றவாளி என்ற எண்ணமும் ஆட்டம் கண்டிருக்கிறது. நம் ரத்தத்தின் ஐஜிஜி வகைகளில் மிகக் குறைவாக இருப்பது அது. அழற்சியைத் தூண்டும் திறனும் அதற்குக் குறைவு. கியோத்தோவில் ஷியோகவா குழுவினர் நோயாளிகளின் எதிர்ப்புரதங்களைச் சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, கணையத்தை மிகுதியாகச் சேதப்படுத்தியது ஐஜிஜி1. ஐஜிஜி4ஐச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தச் சேதம் குறைந்தது. நாம் அளந்துகொண்டிருப்பது தீயை அல்ல, தீயை அடக்க வந்த ஒன்றாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒற்றை எண்ணை நம்பி ஒரு மனிதரின் வயிற்றைப் பற்றி முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது. 'கணையத்தில் கட்டி, கூடவே காமாலை, பெரும்பாலும் புற்றுநோய்தான். புற்றுநோய் காத்திருக்காது. சந்தேகம் என்றால் எடுத்துவிடுவதே நல்லது.' இதைச் சொல்லும் அறுவை மருத்துவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. கணையப் புற்றில் தாமதம் உயிரைக் கொள்ளும். நம் மண்ணில் இன்னொரு கவலையும் உண்டு. சுரேஷ் சாரி, சென்னையின் வி. மோகன் உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் நெடுங்காலமாகக் காணப்படும் கல் படிந்த கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டியது. எனவே அறுவை மருத்துவரின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

ஆனால் எடுக்கப்படுவது எது என்பதையும் சொல்ல வேண்டும். விப்பிள் அறுவையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை, பல நேரம் இரைப்பையின் ஒரு பகுதி எல்லாம் போய்விடும். மிச்சத்தை மூன்று இடங்களில் இணைத்துத் தைக்க வேண்டும். வயிற்று அறுவைகளிலேயே கடினமானவற்றில் ஒன்று அது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை நோயியல் வல்லுநர்கள் தங்கள் 442 விப்பிள் அறுவைகளைத் திரும்பிப் பார்த்து 2003இல் எழுதினார்கள்: 47 பேருக்குப் புற்றே இல்லை. அவர்களில் பெரும்பாலோரை மேசைக்கு அனுப்பியது புற்றுநோய்ச் சந்தேகம். கணிசமானவர்களுக்கு இருந்தது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த அழற்சி. மாத்திரையில் கரையக்கூடிய வீக்கத்துக்காக அவர்கள் உறுப்புகளை இழந்தார்கள். இவ்வகை அறுவைக்கு உலகிலேயே பேர்போன இடங்களில் ஒன்றின் கணக்கு இது.

'சரி, வேறு வழி என்ன?' என்று கேட்பார்கள். வழி மற்ற உறுப்புகளில்தான் இருக்கிறது. என் வழக்கின் உயிரும் இதுதான். கணையம் வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. ஊசி போட்டு எடுக்கும் துணுக்கு சிறியது, பல நேரம் எதையும் தீர்த்துச் சொல்லாது. தாடையடிச் சுரப்பியோ விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எண்டோஸ்கோப்பியின்போதே பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் ஒரு துணுக்கு எடுத்துச் சாயமேற்றலாம். சிறுநீரகம், கண்குழி, பெருந்தமனியைச் சுற்றிய திசு ஆகியவற்றை எடுத்த ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம், கண் கணையத்தை விட்டு நகர்ந்தால். 2006இல் மேயோ கிளினிக்கில் அதே சுரேஷ் சாரி வகுத்துத் தந்த நோயறி விதிகளில் திசு, ஸ்கேன், ரத்தம், சிகிச்சைக்கு அடங்குதல் ஆகியவற்றோடு 'மற்ற உறுப்புகளின் பாதிப்பு' என்பதும் ஒரு தூணாகவே நிற்கிறது. 2011இன் சர்வதேச விதிகளிலும் அப்படியே. விதியில் இருப்பது வார்டில் இல்லை. கணையப் பிரச்சினையோடு வந்தவரின் தாடைக்கடியைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஸ்கேனும் பேசும், கேட்கத் தெரிந்தால். புற்றுநோயில் கணையநாளம் ஓரிடத்தில் அறுபட்டு, அதற்குப் பின்னால் விரியும், வால்பக்கம் சுருங்கும். இந்த அழற்சியில் கணையம் நெடுக மழமழவென்று பருத்து, சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம் தெரியும். நாளம் நீளமாக ஒடுங்கியும் பின்னால் அவ்வளவாக விரிவதில்லை. எல்லா ஸ்கேனும் இவ்வளவு தெளிவாக இராது. தெளிவில்லாதபோது இன்னொரு உறுப்பின் சாட்சியம்தான் தராசைச் சாய்க்கும்.

மூன்றாவது வாதம்: 'ஸ்டீராய்டு கொடுத்தால் சரியாகிவிடும்.' முதல் மாதத்தில் இதைவிட மனம் குளிரவைக்கும் நோய் குறைவு. நாளுக்கு 30, 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன்; சில வாரங்களில் காமாலை வடிகிறது, கட்டி என்று பயந்தது கரைகிறது, சிலருக்குச் சர்க்கரைகூட இறங்குகிறது. கணைய மருத்துவர் கோப்பை மூடிவிடுகிறார். அங்கேதான் பிசகு. ஜப்பானில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களில் 58 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுக்குள் நோய் திரும்பியது. சிறு அளவில் தொடர்ந்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத் திரும்பியது. திரும்புகிற நோய் கணையத்துக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பித்தநாளத்தில் வரலாம், சிறுநீரகத்தில் வரலாம், சிறுநீர்க்குழாயைச் சத்தமில்லாமல் இறுக்கலாம். கணையத்தை மட்டும் ஸ்கேன் எடுத்து 'நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கலாம்.

மூன்றாண்டு ஸ்டீராய்டு என்பது எலும்பையும் சர்க்கரையையும் பதம் பார்க்கும். காசநோய் எங்கும் இருக்கிற நாட்டில் அதைத் தொடங்கும் முன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை பி வைரஸுக்கும் பரிசோதிக்காமல் விடுவது குற்றம் என்பேன். பி செல்களைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. இனெபிலிசுமாப் என்ற மருந்தை 135 பேரிடம் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. ஓராண்டில் நோய் மீண்டும் கிளம்பியவர்கள் மருந்து பெற்றோரில் 10 சதவீதம், பெறாதோரில் 60 சதவீதம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. அந்த ஒப்புதல் கணைய அழற்சிக்கான மருந்தாக அல்ல, ஐஜிஜி4 சார்ந்த நோய்க்கான மருந்தாக. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உறுப்பைத் தாண்டிவிட்டது.

எனக்கு எதிரான ஒரு சான்றையும் நானே வைக்கிறேன். ஆட்டோஇம்யூன் கணைய அழற்சியில் இரண்டாம் வகை என்று ஒன்று உண்டு. இளவயதினருக்கு வரும், ஐஜிஜி4 உயராது, கணையத்தோடு நின்றுவிடும், அபூர்வமாகவே திரும்பும். அதைக் கணைய நோய் என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்களிலும் பலருக்குப் பெருங்குடல் அழற்சி கூடவே இருக்கிறது. கணையத்தை விட்டுக் கண்ணை நகர்த்த வேண்டிய தேவை அங்கேயும் தீரவில்லை.

'அரிதான நோய்' என்பதைக் கடைசியாக வைத்தேன், அதற்குப் பதில் சுருக்கமானது என்பதால். கணையத்துக்கு வந்தவரைக் குடல் துறை எண்ணுகிறது, கண்ணுக்கு வந்தவரைக் கண் துறை எண்ணுகிறது, பலரை யாரும் எண்ணுவதில்லை. இப்படிப் பிரித்து எண்ணினால் எந்த நோயும் அரிதுதான். புற்றுநோய்ப் பட்டியலிலும் குடிப்பழக்கக் கணைய அழற்சிப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டுவிட்டவர்களை யார் எடுத்து எண்ணுவது? கணையம் கெட்டது என்றாலே 'குடிப்பாரா?' என்ற கேள்வி முதலில் வருகிற ஊர் நம்முடையது. மதுவைத் தொட்டறியாத மனிதர்கள் அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கணையத்தில் வீக்கத்தோடு வருபவரின் கண்ணையும் தாடையையும் தொட்டுப் பாருங்கள், கிரியாட்டினினையும் சிறுநீரையும் பாருங்கள். முன்பு எப்போதோ எடுத்த சுரப்பியின் திசுக் கட்டை ஆய்வகத்தில் கிடந்தால் ஐஜிஜி4 சாயம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாதநோய் மருத்துவரையும் ஒரு நோயியல் வல்லுநரையும் அறுவைக்கு முன்பே ஒரே மேசைக்கு அழையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கணையக் கட்டி என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். இந்தக் கட்டுரையைக் காட்டி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டீராய்டை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். கண், காது மூக்கு தொண்டை, சிறுநீரகம், தைராய்டு என்று எந்தத் துறைக்காக எடுத்ததாக இருந்தாலும், பழைய ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். 'இது ஐஜிஜி4 நோயாக இருக்குமா, பார்த்துவிட்டீர்களா?' என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.